நவோஷிமாவுல எங்க தங்குறது? ராத்திரி சாப்பாட்டுல இருந்து ஆரம்பிங்க

நவோஷிமா ஜப்பான்ல மியூசியங்களுக்கும் கலைப்படைப்புங்களுக்கும் பேர் போன ஒரு சின்னத் தீவு. அங்க ரூம் தேடுறவங்க எல்லாரும் முதல்ல விலைய பாப்பாங்க, அப்புறம் போட்டோவ பாப்பாங்க. நானும் அப்படித்தான் பாத்து ஹோன்முராங்கற ஊர்ல ஒரு அழகான பழைய மரவீட்ட புக் பண்ணேன், போட்டோவுல ஜன்னல் ஓரமா ஒரு மேப்பிள் மரம் வேற. போய் இறங்குனது ஒரு திங்கக்கிழமை சாயங்காலம். ஏழு மணிக்கு பசிக்குதுன்னு வெளிய வந்தா தெருவுல ஒரு பூனை, அத விட்டா நாங்க நாலு பேரு. பாத்து வச்சிருந்த மூணு கடையும் மூடிக் கெடக்கு. எங்க வீட்டுக்காரர் அந்த வீட்டுல இருந்த சைக்கிள எடுத்துட்டு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குற துறைமுகப் பக்கம் போய், எட்டரை மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை நெறைய ஒனிகிரியோட திரும்பி வந்தாரு.

எங்கம்மா சைவம். ததாமி பாய்ல கால நீட்டி உக்காந்துகிட்டு அந்த சோத்து உருண்டைய சுத்தி இருந்த கருப்பு தாள திருப்பி திருப்பி பாத்துட்டு, "இத உரிச்சுட்டு சாப்பிடணுமா, இதோடயா"ன்னு கேட்டாங்க. கடல்பாசிம்மா, சாப்பிடலாம்னு சொன்னதும் ஒரு கடி கடிச்சாங்க, நடுவுல இருந்த உமேபோஷி, அதாவது உப்புல ஊறுன புளிப்புப் பழம், நாக்குல பட்டதும் கண்ண இறுக்கி மூடிகிட்டு "ஏய், இது நம்ம நார்த்தங்கா ஊறுகாடி"ன்னாங்க. அன்னிக்கு அப்படி பொழச்சோம்.

அதுக்கப்புறம் இன்னொரு தடவையும் போயிட்டு வந்துட்டேன், சிங்கப்பூர் ஈசூன்ல எங்க பிளாக்குல தெரிஞ்ச ரெண்டு மூணு குடும்பத்துக்கு பிளான் போட்டும் குடுத்துட்டேன். எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான். அங்க ரூம் எங்கன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ராத்திரியும் எங்க சாப்பிடப் போறீங்கன்னு யோசிங்க, ரூம் தானா முடிவாயிடும். நமக்கு இது புரியறது கஷ்டம், ஏன்னா நாம லிஃப்ட்ல இறங்குனா கீழ காப்பிக்கடை, பத்து மணிக்கு கூட ஒரு ப்ராட்டாவும் தே தாரிக்கும் கிடைக்கும்னு வளந்தவங்க. அந்தத் தீவுல இருக்குற ஜனமே சுமார் 3,000 பேருதான். பகல்ல வர்ற கூட்டம் சாயங்கால ஃபெரியில திரும்பிடும், அந்தக் கூட்டத்த நம்பி நடக்குற கஃபே எல்லாம் நாலு அஞ்சு மணிக்கு மூடிடும். மிச்சம் இருக்குற சில கடைக்கு முன்கூட்டியே ரிசர்வ் பண்ணியிருக்கணும், இல்லனா வாசல்லயே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவாங்க, ரொம்ப மரியாதையாத்தான், ஆனாலும் பசி பசிதானே.

சரி, தீவு எப்படி இருக்குன்னு சொல்லிடுறேன், அப்பதான் மிச்சம் புரியும். மொத்தமே எட்டு சதுர கிலோமீட்டருக்குள்ள, நம்ம பூலாவ் உபின் தீவ விட சின்னது. மேற்கு பக்கம் மியானோவுரா, பெரிய ஃபெரி வர்ற துறைமுகம், இறங்குன உடனே யாயோய் குசாமாங்கற கலைஞரோட செவப்பு பூசணிக்கா சிற்பம் தெரியும், அதுக்குள்ள நுழைஞ்சு நிக்கலாம். கிழக்கு பக்கம் ஹோன்முரா, பழைய கிராமம், கருக்குன மரப்பலகை சுவர் வச்ச வீடுங்க. தெக்க கடற்கரைப் பக்கம் பெனெஸ்ஸே ஹவுஸ்ங்கற மியூசியம் ஹோட்டல், அதுக்கு போற வழியில ட்சுட்சுஜிசோன்னு ஒரு கேம்ப் இடம், அதுகிட்ட ஒரு பழைய படகுத்துறை நுனியில குசாமாவோட மஞ்சப் பூசணிக்கா. வடக்கு பக்கம் மிட்சுபிஷியோட தாமிர உருக்காலை, 1917ல இருந்து இருக்கு, அந்தப் பக்கம் டூரிஸ்ட் யாரும் போறதில்ல. மியானோவுராவுக்கும் ஹோன்முராவுக்கும் நடுவுல நடந்தா அரை மணி நேரம், டவுன் பஸ்ல பத்து நிமிஷத்துக்குள்ள.

ஆக தங்குறதுக்கு தீவுல நாலு இடம், தீவுக்கு வெளிய ரெண்டு இடம். இதுல எது நல்லதுன்னு கேட்டா எனக்கு கோவம் வரும், யாரு கூட போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.

வயசானவங்களோ சின்னப் பிள்ளைங்களோ கூட வந்தா கண்ண மூடிட்டு மியானோவுரா. பாக்க அவ்வளவா அழகு கிடையாது, அத ஒத்துக்கறேன், சாதாரண ஜப்பான் துறைமுக ஊரு, கரண்டு கம்பி, சிமெண்டு சுவரு. ஆனா ராத்திரி திறந்திருக்குற இஸகாயாக்கள்ல, அதாவது குடியும் சாப்பாடும் கிடைக்குற சின்னக் கடைங்கள்ல, முக்காவாசி அங்கதான், தீவோட செவன் லெவன் அங்கதான், சின்ன பேரங்காடியும் அங்கதான். பெட்டிய இழுத்துகிட்டு பஸ் ஏற வேணாம், ஃபெரியில இருந்து இறங்கி நடந்தே ரூமுக்கு போயிடலாம். காலையில பக்கத்துத் தீவான டெஷிமாவுக்கு போற ஸ்பீடு போட்டும் அங்க இருந்துதான் கிளம்புது, சீட்டு கம்மி, முதல்ல வர்றவங்களுக்குத்தான், அதனால கிட்ட தங்கியிருந்தா போய் வரிசையில நிக்கலாம். நம்ம ஆளுங்க கியாசு குணம், அதான் எதையும் விட்டுடக் கூடாதுன்னு முந்துற குணம், எங்கயாவது உருப்படியா பயன்படும்னா அங்கதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. அந்த ஊர்ல ஐ லவ் யூன்னு ஒரு பொதுக்குளியல் இடம், 'யூ'ன்னா ஜப்பானிய மொழியில வெந்நீர், அந்த சிலேடைதான் பேரு. ஷின்ரோ ஓதாகேங்கற கலைஞர் 2009ல பண்ணது, உள்ள ஆம்பளைங்க பக்கத்துக்கும் பொம்பளைங்க பக்கத்துக்கும் நடுவுல இருக்குற சுவர் மேல ஒரு குட்டி யானை நிக்கும். ஆமா, உடுப்பு இல்லாமத்தான் குளிக்கணும். எங்கம்மா வாசல் வரைக்கும் வந்து டைல்ஸ மட்டும் பாத்துட்டு "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்ப பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. பகல்ல முழுக்க சைக்கிள் மிதிச்சுட்டு ராத்திரி அந்த வெந்நீர்ல கழுத்து வரைக்கும் இறங்கி உக்காந்துட்டு பத்து நிமிஷம் நடந்து ரூமுக்கு வந்து படுக்கறதுதான் எனக்கு அந்தத் தீவுல புடிச்ச நேரம். ஹோன்முராவுல தங்குனா குளிச்ச ஒடம்போட பஸ்ஸுக்கு நிக்கணும், பஸ் முடிஞ்சுட்டா நடக்கணும்.

ஹோன்முராவுல தங்கறது ரெண்டு பேரா போறவங்களுக்கு, நல்லா நடக்கத் தெரிஞ்சவங்களுக்கு. காலையில ஆறரை மணிக்கு அந்தச் சந்துங்கள்ல நடந்தா வீட்டு வாசல்ல தொங்குற நோரென் துணி காத்துல ஆடறதும், ஒரு பாட்டி தெருவ கூட்டுறதும், அவ்வளவுதான் சத்தமே. ஆர்ட் ஹவுஸ் ப்ராஜெக்ட்னு ஊருக்குள்ளயே ஏழு இடத்துல பழைய வீடு, கோயில், பல் டாக்டர் வீடு இப்படி எல்லாத்தையும் கலைப்படைப்பா மாத்தியிருக்காங்க, 1998ல கடோயாங்கற வீட்டுல ஆரம்பிச்சது. அந்த கடோயாவுல இருட்டு ரூம் நடுவுல தண்ணி, தண்ணிக்குள்ள 125 எல்இடி நம்பருங்க ஓடிட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் எவ்வளவு வேகத்துல ஓடணும்னு முடிவு பண்ணது அந்தத் தீவு ஜனங்க, அஞ்சு வயசுப் பிள்ளையில இருந்து 95 வயசுக்காரர் வரைக்கும். அதே ப்ராஜெக்ட்ல மினாமிதேராங்கற இடத்துல டிக்கெட்டுக்கு நேரம் குறிச்சுக் குடுப்பாங்க, உள்ள கும்மிருட்டு, சுவத்த தடவிகிட்டே போய் பெஞ்சுல உக்காந்து சும்மா இருக்கணும், கொஞ்ச நேரம் கழிச்சு எதிர்ல ஏதோ தெரியுதா இல்ல நம்ம கண்ணுதான் ஏமாத்துதான்னு ஒரு சந்தேகம் வரும், அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. பக்கத்துலயே கட்டடக் கலைஞர் தாதாவோ ஆண்டோ பேர்ல மியூசியம், 2025 மே கடைசியில குன்று மேல புதுசா திறந்த நவோஷிமா நியூ மியூசியமும் நடக்குற தூரந்தான், ஆசியக் கலைஞர்கள் படைப்புங்க அங்க அதிகம். ஆக பகலுக்கு ஹோன்முரா ராஜா. ராத்திரிக்குத்தான் பிச்சை.

அதனால ஹோன்முராவுல ரூம் எடுத்தா சாப்பாட்டோட எடுங்க. இந்த இடத்துல ரெண்டு ஜப்பானிய வார்த்தை தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா போதும், எங்க மாதிரி மாட்ட மாட்டீங்க. சுதோமாரின்னா சாப்பாடு கிடையாது, வெறும் படுக்கை. இப்பாக்கு நிஷோக்குன்னா ஒரு ராத்திரி தங்கல், ரெண்டு வேளை சாப்பாடு. புக்கிங் சைட்ல விலை கம்மியா தெரியுற ரூம் பெரும்பாலும் சுதோமாரியா இருக்கும், இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல அது சரியா தெரியாமலும் போகும். நான் ஏமாந்தது அதுலதான், ஓனர் மேல தப்பு சொல்ல முடியாது, அவரு எழுதித்தான் வச்சிருந்தாரு, நான் மேப்பிள் மரத்த பாத்துட்டு இருந்தேன்.

ரெண்டு வேளை சாப்பாடு போடுற மின்ஷுக்குன்னா, அதாவது ஒரு குடும்பம் தன் வீட்டு ரூம வாடகைக்கு விட்டு சமைச்சும் போடுறதுன்னா, அதுக்கு ஒழுங்கு இருக்கு. சாப்பாடு ஆறு ஆறரைக்கு, நீங்க ஏழரைக்கு வர்றேன்னு சொல்ல முடியாது. ஆறு மணிக்கு முன்னாடி செக்-இன் பண்ணியாகணும், ஃபெரி லேட்டானா போன் போட்டு சொல்லணும். பாத்ரூம் பொது, ஒருத்தர் குளிச்ச பிறகு அடுத்தவர், தொட்டித் தண்ணிய திறந்து விட்டுடாதீங்க, அதே தண்ணியிலதான் அடுத்தவங்களும் உக்காருவாங்க, வெளிய சோப்பு போட்டு நல்லா கழுவிட்டுத்தான் உள்ள இறங்கணும். எங்க வீட்டுக்காரர் முதல் நாளே தக்கைய புடுங்கிட்டாரு. மின்ஷுக்கு நடத்துற அம்மா ஒண்ணும் சொல்லல, மறுபடியும் தண்ணி நிரப்புற சத்தம் மட்டும் அரை மணி நேரம் கேட்டுச்சு, அந்த அரை மணி நேரம் எங்களுக்கு தலை நிமிர முடியல. பணம் பெரும்பாலும் ரொக்கமாத்தான் கேப்பாங்க. படுக்கை ஃபுட்டான், தரையில விரிக்கணும், முட்டி வலி இருக்குறவங்களுக்கு படுக்கறது பிரச்சனை இல்ல, எந்திரிக்கறதுதான் பிரச்சனை. பழைய வீடுன்னா மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், கீழ் ரூம் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

சைவச் சாப்பாடு பத்தி தனியா சொல்லியாகணும், நம்ம வீடுங்கள்ல யாராவது ஒருத்தர் சைவமா இருப்பாங்க. ஜப்பான்ல மீன் துண்டு தெரியலன்னா அது சைவம்னு நினைச்சுடாதீங்க, மிசோ சூப்பு, நூடுல்ஸ் சாறு, வேக வச்ச பூசணிக்கா, எல்லாத்துலயும் தாஷிங்கற சாறு இருக்கும், அது பெரும்பாலும் காஞ்ச மீன்ல எடுக்குறது. "வெஜிடேரியன்"னு மட்டும் மெயில் அனுப்புனா மீன் மட்டும் ஓகேவான்னு திருப்பிக் கேப்பாங்க. எங்களுக்கு அப்படித்தான் பதில் வந்துச்சு, முட்டை ஓகேவா, மீன் ஓகேவா, சிக்கன் கொஞ்சம் ஓகேவான்னு. அதனால மெயில்ல இறைச்சி வேணாம், மீன் வேணாம், மீன் தாஷியும் வேணாம், கொம்பு தாஷி பரவாயில்லன்னு வரி வரியா எழுதி மொழிபெயர்ப்பு ஆப்ல ஜப்பானிய மொழிக்கு மாத்தி ரெண்டு வாரம் முன்னாடியே அனுப்புங்க, கொம்புன்னா அதுவும் கடல்பாசிதான். முடியாதுன்னா முடியாதுன்னு நேர்மையா சொல்லிடுவாங்க, அப்ப சுதோமாரியா மாத்திட்டு மியானோவுரா பக்கம் வந்துடுங்க. ரெண்டாவது தடவை போனப்ப அம்மாவுக்கு தெம்புரா காய்கறி, டோஃபு, சோறு, ஊறுகாய்னு ஒரு அம்மா தட்டு நிறைய வச்சாங்க, அதுல இருந்த கத்திரிக்காய பத்தி எங்கம்மா இன்னும் பேசுறாங்க.

எதுக்கும் ஒரு வேளைக்கு கையில வச்சுக்கோங்க. முஸ்தஃபா கடையில கிடைக்குற சூடு பண்ணி சாப்பிடுற பருப்பு, ராஜ்மா பாக்கெட்டு நாலு, கொஞ்சம் பருப்புப்பொடி, ஜப்பான் கடையில மைக்ரோவேவ்ல வைக்குற சோறு கிடைக்கும், முடிஞ்சுது வேலை. ஆனா இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள்ள எடுத்துட்டு போகாதீங்க, பாக் குவா, சாசேஜ், எதுவா இருந்தாலும் ஏர்போர்ட்ல மாட்டுவீங்க, அன்பளிப்பா குடுக்கறேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

இப்ப எல்லாரும் கேக்குற பெனெஸ்ஸே ஹவுஸ். மியூசியமும் ஹோட்டலும் ஒண்ணா இருக்குற இடம், ஆண்டோ கட்டுனது, 1992ல திறந்தாங்க. நாலு கட்டடம், மியூசியம், ஓவல், பார்க், பீச். மியூசியத்துல தங்குனா நீங்க படுத்திருக்குற கட்டடத்துக்குள்ளயே கலைக்கூடம். ஓவல் குன்று உச்சியில, நடுவுல முட்டை வடிவத்துல ஒரு குளம், சுத்தி ஆறே ரூம், சின்ன மோனோரயில்ல ஏறித்தான் போகணும், அதுல தங்குறவங்க மட்டுந்தான் ஏறலாம். பார்க்கும் பீச்சும் கடலோரம். ரூம்ல டிவி கிடையாது. விலை நம்ம மரினா பே ஹோட்டலுங்க பக்கத்துல வந்து நிக்கும், சீசன்ல இன்னும் மேல, அதனால ஒரு ராத்திரி போதும், ரெண்டு ராத்திரி பணக்காரங்களுக்கு.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்குதுன்னா ராத்திரி கிடைக்குது. பகல் கூட்டம் போன பிறகு சாப்பிட்டுட்டு செருப்பு சத்தம் கேக்காம கீழ இறங்கி போனா, வட்டமான கான்கிரீட் கூடத்துல புரூஸ் நௌமனோட நியான் எழுத்துங்க, வாழு, சாவுன்னு முடியற நூறு வரிங்க, ஒண்ணு எரியும், அணையும், இன்னொண்ணு எரியும், கடைசியில எல்லாம் ஒரே நேரத்துல எரியும்போது கூடமே செவக்கும் பச்சையாகும். பகல்ல அத பாத்தா முன்னாடி பத்து பேரு போன தூக்கிகிட்டு நிப்பாங்க. எறும்புங்க சுரங்கம் தோண்டி கலைச்ச வண்ண மணல் கொடிங்களும் அங்கதான் இருக்கு, யுகினோரி யானாகி பண்ணது, என் மகளுக்கு சிச்சு மியூசியத்துல இருக்குற மோனே ஓவியத்த விட அந்த எறும்புதான் புடிச்சுது.

இங்கயும் அதே விதிதான், சாப்பாட்ட முதல்ல புக் பண்ணுங்க. பெனெஸ்ஸேவுல ஜப்பானியச் சாப்பாட்டுக்கு இஸ்ஸென், பிரெஞ்சு சாப்பாட்டுக்கு டெர்ரேஸ், ரெண்டும் ரிசர்வேஷன்லதான் ஓடுது, ரூம் புக் பண்ற அன்னிக்கே டேபிளும் கேட்டுடணும், ரெண்டும் நம்ம அன்றாடக் கணக்குக்கு கனமான விலை. அங்க இருந்து ராத்திரி வெளிய போய் மலிவா ஒரு ராமென் சாப்பிட்டு வரலாம்னு நினைக்காதீங்க, சுத்தி காடும் கடலுந்தான். மியானோவுரா துறைமுகத்துல இருந்து தங்குறவங்களுக்கு இலவச ஷட்டில் இருக்கு. சின்னப் பிள்ளைங்க கூட வந்தா எந்தக் கட்டடத்துல விடுவாங்கன்னு முதல்லயே கேட்டுக்கோங்க, குடும்பத்துக்கு பார்க்தான் தோது.

பெனெஸ்ஸே கைக்கு எட்டாது, ஆனா கடற்கரையில தங்கணும்னா ட்சுட்சுஜிசோ. மங்கோலியக் கூடாரம் மாதிரி வட்டமா வெள்ளையா வரிசையா நிக்கும், டிரெய்லரும் இருக்கு. கழிவறை, குளியல் எல்லாம் வெளிய தனியா. ராத்திரி மழை பெஞ்சா குடை புடிச்சுகிட்டு போகணும், இது ராணுவத்துல நேஷனல் சர்வீஸ் முடிச்சவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, எங்கம்மாவ கூட்டிட்டுப் போயிருந்தா வீட்டுல பேச்சு வார்த்தையே நின்னிருக்கும். ஆனா காலையில எந்திரிச்சு கொஞ்சம் நடந்தா மஞ்சப் பூசணிக்கா, முதல் பஸ் வர்றதுக்கு முன்னாடி யாருமே இல்லாம. 2017ல நம்ம நேஷனல் கேலரியில குசாமா கண்காட்சிக்கு எவ்வளவு வரிசைன்னு ஞாபகம் இருக்குறவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும். அந்தப் பூசணிக்கா 1994ல வச்சது, 2021 ஆகஸ்ட்ல புயல்ல கடலுக்குள்ள இழுத்துட்டுப் போய் ஒடைஞ்சு போச்சு, 2022 அக்டோபர்ல புதுசா செஞ்சு திரும்ப வச்சாங்க. சாப்பாட்டு ஏற்பாடு இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க, இல்லனா பேரங்காடியில வாங்கிகிட்டுதான் பஸ் ஏறணும். அங்க இருந்து பெனெஸ்ஸே பக்கம் சைக்கிள்ல உள்ள போக விட மாட்டாங்க, நடக்கணும் இல்ல இலவச ஷட்டில்ல போகணும்.

பணம் ஒரு பொருட்டே இல்லன்னா ஹோன்முராவுல ரோக்கான்னு ஒரு ரியோக்கான், அதாவது ஜப்பானிய பாணி விடுதி, 2022ல திறந்தாங்க, ரூமுக்கு ரூம் திறந்தவெளிக் குளியல் தொட்டி. நான் வெளிய இருந்து பாத்ததோட சரி.

தீவுலயே தங்கணும்னு பிடிவாதம் புடிக்காதீங்க, இது நிறைய பேருக்கு தோணாத விஷயம். ஊனோன்னு எதிர்க்கரையில ஒரு சின்ன ஊரு, ஃபெரியில 20 நிமிஷம், ரயில் ஸ்டேஷனும் துறைமுகமும் பக்கத்துல பக்கத்துல. தீவுல ரூம் கிடைக்கலன்னா, இல்ல விலை கட்டுப்படியாகலன்னா அங்க தங்கி ரெண்டு நாளும் போய் வரலாம், கடைசி ஃபெரியும் தகாமட்சு பக்கம் போறத விட லேட்டா இருக்கும். ஆனா ஊனோவும் ராத்திரியில தூங்குமூஞ்சி ஊருதான். சாப்பாடு, கடை, வெளிச்சம் வேணும்னா தகாமட்சு, ஃபெரியில 50 நிமிஷம், ஸ்பீடு போட்ல சுமார் அரை மணி நேரம். அங்க உடோன் நூடுல்ஸ் கடைக்கு குறைவே இல்ல, மேல கூரை போட்ட கடைத்தெருவு கிலோமீட்டர் கணக்குல நீளும், மழை பெஞ்சாலும் நனையாம சுத்தலாம், ரிட்சுரின் தோட்டம் வேற இருக்கு. டெஷிமா, ஷோதோஷிமா எல்லாத்துக்கும் அங்க இருந்து படகு. நாலு நாள் இருக்குன்னா நான் போடுற கணக்கு இதுதான், தீவுல ஒரே ஒரு ராத்திரி, மிச்சம் தகாமட்சுவுல. சைவம் சாப்பிடுறவங்க ரெண்டு பேருக்கு மேல இருந்தா எல்லா ராத்திரியும் தகாமட்சுவுலயே வச்சுக்கோங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

நாள் பாக்குறது ரூம் பாக்குறத விட முக்கியம். திங்கக்கிழமை நவோஷிமாவுல மியூசியம் பெரும்பாலும் லீவு, அன்னிக்கு ஜப்பான்ல பொது விடுமுறைன்னா அடுத்த நாளுக்கு லீவு தள்ளிப் போகும். மியூசியம் மூடுனா கடைங்களும் மூடும், கதை ஆரம்பத்துலயே சொன்னேன். டெஷிமாவுல செவ்வாய்க்கிழமை லீவு. அதனால புதன், வியாழன் போய் இறங்குறதுதான் புத்திசாலித்தனம், சனிக்கிழமை உள்ளூர் கூட்டம் வந்துடும். முக்கியமா சிச்சு மியூசியம், 2004ல திறந்தது, மலைக்குள்ள புதைச்சு கட்டியிருக்காங்க, மோனேவோட அஞ்சு அல்லிக்குள ஓவியம் வெறும் வானத்து வெளிச்சத்துல தொங்கும், செருப்ப கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போகணும், அதுக்கு ஆன்லைன்ல நேரம் போட்டு டிக்கெட் வாங்கணும். சிச்சு டிக்கெட், டின்னர் டேபிள், அப்புறந்தான் ரூம், இந்த வரிசையில புக் பண்ணுங்க. ரூம மட்டும் கேன்சல் பண்ற மாதிரி ஒண்ணு முன்னாடியே புடிச்சு வச்சுகிட்டா தப்பில்ல, ஆனா எந்தத் தேதி வரைக்கும் இலவசமா கேன்சல் பண்ணலாம்னு போன்ல அலாரம் வச்சுக்கோங்க. சின்ன மின்ஷுக்குங்க பல பெரிய புக்கிங் சைட்ல இருக்காது, தீவோட சுற்றுலா சங்கத்து வெப்சைட்ல பட்டியல் இருக்கும், மெயில் போட்டா பதில் வரும், மெதுவா.

நம்ம ஸ்கூல் லீவு கணக்குக்கு ஜூன் வரும், அது அவங்களுக்கு மழைக்காலம், சைக்கிள்ல சுத்தறது கஷ்டம், ஆனா ரூம் கிடைக்கும். நவம்பர் கடைசி டிசம்பர் தொடக்கம் அருமை, குளிர் தாங்குற அளவு, இலை செவந்திருக்கும். ஏப்ரல் கடைசி மே தொடக்கம் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவுல ஓபோன், ரெண்டும் ஜப்பான்காரங்களே ஊர் சுத்துற லீவு, ரெண்டுலயும் போகாதீங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ செட்டோவுச்சி ட்ரியென்னாலே திருவிழா நடக்கும், 2025ல நடந்தது, அந்த வருஷத்துல ரூம் பல மாசம் முன்னாடியே போயிடும்.

பெட்டிய பத்தி ஒரு வார்த்தை. இங்க இருந்து ஒசாகா வரைக்கும் நேரடி ஃபிளைட், அங்க இருந்து ஷின்கன்சென்ல ஒகாயாமா, அங்க இருந்து ஊனோவுக்கு லோக்கல் ரயில், அதுக்கப்புறம் ஃபெரி. இவ்வளவு தூரம் 28 இஞ்சு பெட்டிய இழுத்துகிட்டு வந்து சின்ன டவுன் பஸ்ல ஏத்துனா ஊர்க்காரங்க பாக்குற பார்வையிலயே நாம சுருங்கிடுவோம். ஒசாகா ஹோட்டல் கவுண்டர்லயே தக்யூபின்ங்கற பார்சல் சேவையில போட்டு பெரிய பெட்டிய அடுத்து தங்கப் போற பெரிய ஊரு ஹோட்டலுக்கு அனுப்பிடுங்க, தீவுக்கு ஒரு முதுகுப்பை போதும், சில்லறையும் ரொக்கமும் அதுல இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு, ஊருக்கு திரும்புற ஃபிளைட்டுக்கு முந்தின ராத்திரிய தீவுல வைக்காதீங்க. வசந்தகாலத்துல அந்தக் கடல்ல பனிமூட்டம் எறங்குனா ஃபெரி நிக்கும், புயல் காலத்துல சொல்லவே வேணாம். அந்த ராத்திரி ஒகாயாமாவுலயோ ஒசாகாவுலயோ படுத்துக்கோங்க, பெரிய ஊர்ல தேடுனா நேபாளிங்க நடத்துற இந்தியச் சாப்பாட்டுக் கடை கிடைக்கும், அம்மாவுக்கு ஒரு நான் ரொட்டியும் தாலும் வாங்கிக் குடுத்துடலாம்.